மாமா சுவராக நின்ற வருடம்

பலெர்மோவின் கபோச் சந்தைப் பக்கம் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களுக்கும் இப்போது ஐம்பது வந்துகொண்டிருக்கும். கலியாண வீடுகளில் சந்திக்கும்போது யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுக்காமல் விடுவதில்லை. "எங்கடை ஆக்களிலை ஒருத்தன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடி பலெர்மோவையே மேலை தூக்கி விட்டவன்" என்று ஒருவர் தொடங்க, மிச்சத்தை நான் சொல்வேன் என்று எல்லாரும் என் பக்கம் திரும்புவீர்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கமுமில்லை, மண்ணுமில்லை. அந்த வருடத்தை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

முதலில் வருவது நாற்றம்தான். எங்கள் வீடு சந்தைக்கு மேலே இருந்தது. கீழே மீன்காரன், பக்கத்தில் ஒலிவ்காய்க்காரன். அந்த மணங்களுக்குள் வளர்ந்ததால் அவை எனக்கு மணங்களாகவே தெரிவதில்லை. ஆனால் அந்த வருடம் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் குளியல் தொட்டிக்குள் வந்து விழுந்த சட்டைகளின் நாற்றம் வேறு வகை. ஒரு முழு அணியின் வியர்வை, ஈரமண், புல், நோவுத் தைலம், காய்ந்த இரத்தம், யாரோ ஒருவன் எடுத்த வாந்தி. அம்மா பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதிப்பா. தண்ணீர் மண்ணிறமாகும். அதைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினால் ரோசா நிறமாகும். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகுமுன் குளிக்கிறதும் அதே தொட்டியில்தான்.

"ப்ளீச் போட்டு உரஞ்சினனான், ஒண்டும் செய்யாது, இறங்கு" என்பா அம்மா.

அணியின் சட்டைகளைத் துவைக்கத் தனக்குக் கிடைத்ததை அம்மா ஒரு மரியாதையாக நினைத்தா. அதுதான் எனக்கு இப்போது இன்னும் அருவருப்பு.

இதெல்லாம் மாமாவால் வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஆட்களில் அப்படியோர் உடம்பை நான் பிறகு கண்டதில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குள் ஒருபக்கமாகச் சரிந்துதான் வருவார். ஆனால் அந்த உடம்புக்குள் இருந்த மனிதன் கதிரையில் இருக்கும்போதுகூடக் கதிரைக்கு நோகுமோ என்று பார்த்து இருக்கிறவர். லிபெர்த்தாத் தெருவில் படுக்கையிலேயே கிடந்த ஒரு வயதான வழக்கறிஞரைப் பராமரிப்பது அவருடைய வேலை. கிழவரை ஒரு கை முதுகுக்குக் கீழும் மற்றக் கை முழங்காலுக்குக் கீழும் கொடுத்துத் தூக்கிக் கதிரையில் வைப்பார். வைத்தது கிழவருக்கே தெரியாது.

அந்தக் கிழவரின் மகன்தான் அணியின் தலைவர். பொலிதேயாமாப் பக்கம் அவருக்குப் பெரிய தளபாடக் கடை. அப்பா அந்தக் கடையைக் கூட்டித் துடைப்பார், அம்மா அவருடைய வீட்டைத் துடைப்பா. அதாவது எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அவருடைய கையில். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பலெர்மோ முழுக்கக் கால்பந்துக்குப் பின்னால் ஓட, அவர் அமெரிக்கன் ஃபுட்போல் அணி ஒன்றை வைத்திருந்தார். நகரத்தின் ஓரத்தில் ஒரு மொட்டைத் திடலில், ஆட்டக்காரரின் தாய்மாரும் காதலிகளும் மட்டும் பார்க்க, ஒவ்வொரு வருடமும் தோற்கிற அணி. அந்த வருடம் அவர் வீம்புக்கு அதைச் சம்பளம் வாங்கும் அணியாக மாற்றி, பந்து எறிவதற்கென்று ஒரு அமெரிக்கனையும் கூட்டிவந்தார்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பந்து எறிகிறவன் பின்னால் நிற்பான். எதிரணிக்காரர் பாய்ந்து வந்து அவனை விழுத்தாமல் அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்போலக் குனிந்து நிற்பார்கள். பந்து அவர்களுக்கு வராது, கைதட்டலும் வராது. அடி மட்டும் வரும்.

ஒருநாள் கிழவரின் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. மாமா கிழவரைச் சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியேறியதைத் தலைவர் கீழே நின்று பார்த்தார். அடுத்த கிழமை எங்கள் வீட்டில் அதுதான் கதை.

"எனக்கு அந்த விளையாட்டு ஒண்டும் விளங்கேல்லை, அத்தான்" என்றார் மாமா.

"விளங்கத் தேவையில்லையாம். முன்னாலை நிக்கிறவனைத் தள்ளினால் காணுமாம்" என்றார் அப்பா.

"அவன் எனக்கு என்ன செய்தவன், தள்ளுறதுக்கு?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முதலாளி சிஞ்ஞோரே வாய் திறந்து கேட்டிருக்கிறார். மாட்டன் எண்டு சொல்லுறதோ? எங்கடை நிலைமை விளங்குதோ உனக்கு?"

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "போ தம்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே" என்றா. அவ்வளவுதான். ஒரு மனிதனை இப்படித்தான் கொடுத்தோம்.

பல்லுக்குப் போடுகிற ரப்பர் கவசம் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கொதிநீரில் போட்டு இளக்கி, சூட்டோடு கடித்து அச்சுப் பிடிக்க வேண்டும். அம்மா அதைத் தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ளேயே போட்டா. ரப்பர் வெந்த மணம் கேத்திலில் இருந்து போகவேயில்லை. விளையாட்டு முடிந்து வந்து மாமா அதைக் கழுவி, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் காயவைப்பார். எச்சில் உறைந்த பல்வரிசை ஒன்று மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் அந்த வருடம் தேத்தண்ணி குடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் செபம் சொன்னேன். பக்தி என்று அம்மாவுக்குச் சந்தோசம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய எல்லாருமாகத் திடலுக்குப் போவோம். முதல் ஆட்டங்களில் மாமா செய்ததை நீங்களும் பார்த்துச் சிரித்தீர்கள். முன்னால் நிற்பவனைத் தள்ளுவார். அவன் மல்லாக்க விழுவான். உடனே மாமா குனிந்து, "ஸ்கூசா, ஸ்கூசா" என்று மன்னிப்புக் கேட்டபடி கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவார். பயிற்சியாளர் ஓரத்தில் நின்று துள்ளுவார். ஒவ்வொரு முறையும் மாமா வெளியே வந்ததும் அவருடைய தலைக்கவசத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். "மன்னிப்புக் கேட்க இது கோயிலா?"

மாரி முடியும்போது மாமா மன்னிப்புக் கேட்பதை விட்டிருந்தார். கையும் கொடுப்பதில்லை. விழுந்தவனைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போய்க் குனிவார். அந்த ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்தால் கதைக்கவும் மாட்டார். அணி வெல்லத் தொடங்கியது.

வென்றுகொண்டே போனது. அமெரிக்கன் பின்னால் ஆறுதலாக நின்று எறிய, நகரத்துப் பெரிய மனிதர்கள் மனைவிமாரோடு வந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தார்கள். பெயர் தெரியாத அந்த மாநிறச் சுவருக்குச் சனம் ஒரு பெயர் வைத்தது. "எலெஃபாந்தே!" ஆனை. மாமா திடலுக்குள் வரும்போது ஆயிரம் வாய்கள் அதை இழுத்துக் கூவும். பார்க்க வந்தவர்கள் கொறிப்பதற்கு வறுத்த கடலையும் பூசணி விதையும் கடதாசிச் சுருளில் வாங்கி வருவார்கள். மாமா ஓரத்துக்கு வந்து நிற்கும்போது அந்தக் கடலையை அவர்மேல் எறிவார்கள். மிருகக்காட்சிச்சாலையில் எறிகிற மாதிரி. தலைக்கவசத்தில் பட்டுச் சடசடவென்று விழும். சில பேர் பல்லால் உடைத்துத் துப்பிய கோதையும் எறிந்தார்கள். அது மாமாவின் கழுத்து வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

"அப்பா, அவங்கள் மாமாவுக்கு எறியிறாங்கள்" என்றேன்.

"பாசத்திலை எறியிறாங்கள், பிள்ளை" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டு, கை தட்டிக்கொண்டு. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். இந்த நகரத்தில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆனை என்றாவது கூப்பிடுகிறார்களே என்று அவர்களுக்குக் கண் நிறைந்திருக்க வேண்டும். அந்த ஏழ்மையை இன்றைக்கு நான் விளங்கிக்கொள்கிறேன். விளங்கினாலும் வாய்க்குள் புளிக்கிறது.

அதற்குள் மாமாவின் முழங்கால் பூசணிக்காயாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் தலைவருக்குத் தெரிந்த ஒருவர் உடை மாற்றும் அறைக்கு வந்து ஊசியால் நீர் எடுப்பார். ஒருமுறை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார். ஊசிக் குழாயில் மஞ்சள் நீர் ஏறியது. அந்த ஆள் அதைக் கைகழுவும் தொட்டிக்குள் பீய்ச்சிவிட்டு, அதே தொட்டியில் கழுவின பீச்சுப் பழத்தை மாமாவுக்கு நீட்டினார். மாமா வாங்கிக் கடித்தார். மறுக்கத் தெரியாதவரை வைத்து எவ்வளவு தூரமும் போகலாம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி ஆட்டம் பலெர்மோவில்தான் நடந்தது. வென்றால் நாட்டின் முதல் வரிசை அணிகளோடு சேரலாம். வடக்கே ஏதோ சிறிய ஊரிலிருந்து எதிரணி வந்தது. மாமாவுக்கு எதிரே குனிந்து நின்றவன் ஒரு பெடியன். கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோது பார்த்தேன், மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. அவனுடைய தாய் எங்களுக்குப் பக்கத்து வரிசையில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தா. அவன் விழும்போதெல்லாம் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்ளுவா.

ஆட்டம் முடியப் போகிறது, நாங்கள் பின்தங்கி நிற்கிறோம். பந்து பின்னால் போனது. பெடியன் தலையைக் குனிந்துகொண்டு மாமாவின் நெஞ்சுக்குள் பாய்ந்தான். மாமா தள்ளினார். புதிதாக ஒன்றும் செய்யவில்லை, அந்த வருடம் முழுக்கத் தள்ளின மாதிரித்தான். பெடியன் விழுந்தான். விழுந்த விதம் பிழையாக இருந்தது. அரிசி மூட்டையை இறக்கினால் விழுகிற மாதிரி, கையைக்கூட ஊன்றவில்லை.

மாமா அடுத்த ஆளைத் தேடிப் போகவில்லை. அப்படியே முழங்காலில் இருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் பெடியனின் தலையின் இரண்டு பக்கத்தையும் அசையவிடாமல் பிடித்தார். சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. ஆனால் அதற்குள் அமெரிக்கன் எறிந்துவிட்டான், யாரோ பிடித்துவிட்டான், வென்றுவிட்டோம்.

சனம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மாமா கத்தினார்: "ஒருத்தரும் கிட்ட வராதையுங்கோ! கழுத்து! கழுத்து!" முதலில் தமிழில் கத்தினார், பிறகு இத்தாலியனில். யார் கேட்கிறார்கள்? "எலெஃபாந்தே, எலெஃபாந்தே" என்று கூவிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பெடியனின் தலையை விடமாட்டேன் என்று நின்றார். ஒருவன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததை நான் கண்டேன். பிரித்து, தூக்கி, தோளில் வைத்தார்கள். அவர் அவர்களுடைய தலைகளில் குத்தினார், முடியைப் பிடித்து இழுத்தார், அழுதார். கீழே பெடியனைச் சுற்றி, அவனைத் தாண்டி, சப்பாத்துக்கால்கள் துள்ளின. நீலக் கோட்டு அந்தக் கூட்டத்தைக் கையால் பிளந்துகொண்டு போனது.

அடுத்த நாள் பத்திரிகையில் மாமாவின் படம் வந்தது. தோள்களின் மேலே, வாய் முழுக்கத் திறந்து, இரண்டு கையையும் விரித்து. மகிழ்ச்சியில் கூத்தாடும் ஆனை என்று கீழே எழுதியிருந்தார்கள். மீன்காரன் அதை வெட்டி ஐஸ் பெட்டிக்கு மேலே ஒட்டினான். கலியாண வீடுகளில் நீங்கள் பேசுவதும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் பங்குக் கோயிலிலும் நன்றிப் பூசை வைத்தோம். மாமாவின் சட்டையைக் கழுவி மடித்துப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். வெற்றிக்கு நன்றி, அணிக்கு நன்றி, தலைவருக்கு நன்றி. பெடியனுக்காக ஒரு வார்த்தை இல்லை. பெயர் தெரியாதாம். தலைவர் கடற்கரையில் விருந்து வைத்தார். மேசை நடுவில் ஒரு வாள்மீனின் தலையை வாள் மேலே நிற்க நிமிர்த்தி வைத்து, அதற்கு அணியின் தொப்பியைப் போட்டிருந்தார்கள். மீனின் கண்ணிலிருந்து ஏதோ ஒழுகி மேசைத் துணியில் ஊறியது. தலைவர் எண்ணெய் வழியும் உதட்டோடு வந்து என் கன்னத்தில் முத்தமிட்டு, "உன் மாமா எங்கே?" என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்று அப்பா பாய்ந்து சொன்னார்.

மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆசுபத்திரியில் இருந்தார். பெடியனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மாமா ஒவ்வொரு நாளும் கிழவரைப் படுக்கவைத்துவிட்டு அங்கே போனார். முதல் நாட்களில் நீலக் கோட்டுத் தாய் அவரை வாசலிலேயே மறித்து, "அந்தக் கையை என் பிள்ளைமேல் வைக்காதே" என்று சொல்லியிருக்கிறா. மாமா அறைக்கு வெளியே நடையில் ஒரு வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வருவார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அவரை இழுத்து வரப் போனா. நாங்கள் நிற்கும்போதே உள்ளே பெடியன் படுக்கையில் வழுகி, தலை பக்கவாட்டில் மடிந்து, மூச்சு முட்டிக் கொறகொறத்தான். தாய் கத்தினா. தாதிமாரைக் காணவில்லை. மாமா உள்ளே போனார். ஒரு கை முதுகுக்குக் கீழே, மற்றது முழங்காலுக்குக் கீழே. தூக்கி, நிமிர்த்தி, தலையணையைச் சரிசெய்து, வாய்நீரைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். பெடியனின் மூச்சு சீரானது.

தாய் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு தன் கதிரையைச் சுவரோரம் தள்ளி அவருக்கு இடம் விட்டா.

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் தடவையும் கடைசித் தடவையும். படியேறி வந்த மூச்சிரைப்போடு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார். சட்டைகளின் நாற்றம் பொறுக்க முடியவில்லையாம். அவருடைய அணியின் சட்டைகள்.

"நீ அங்கே போவது பிழை" என்றார். "நாங்கள் குற்றம் செய்தோம் என்று அவர்கள் சொல்வதற்கு நீயே வழி காட்டுகிறாய். அடுத்த வருடம் முதல் வரிசையில் ஆடப் போகிறோம். இனிப் போகாதே."

"பெடியனைத் திருப்பிப் படுக்க வைக்க அங்கை ஆளில்லை, சிஞ்ஞோரே" என்றார் மாமா. "அப்பிடியே கிடந்தால் முதுகு புண்ணாகிப்போம்."

"அது உன் வேலை இல்லை."

"என்ரை வேலையே அதுதானே."

இதை மாமா எதிர்த்துச் சொல்லவில்லை, விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். தலைவர் எழும்பிப் போனார். அந்த மாதமே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை இல்லாமல் போனது. அணியும் அடுத்த வருடம் எல்லாரிடமும் அடி வாங்கி, கலைந்து போனது. தலைவரின் தகப்பனைத் தூக்க இரண்டு பேரை வைத்தார்கள். இரண்டு பேரும் அவரைக் கீழே போட்டார்கள் என்று கேள்வி.

பெடியனை அவனுடைய ஊருக்குக் கொண்டுபோனபோது, மாமாவும் கூட வருவாரா என்று தாய் வந்து கேட்டா. எங்கள் குசினியில் நின்றுதான் கேட்டா, நீலக் கோட்டைக் கழற்றாமல். மாமா அன்றிரவே பையைக் கட்டினார்.

"ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளைக்காக எங்களை நடுத்தெருவிலை விட்டிட்டுப் போறாய்" என்றா அம்மா.

"அக்கா, போ எண்டு நீங்கள்தானே அனுப்பினீங்கள்" என்றார் மாமா.

அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. மாமா அனுப்பிய வாழ்த்து அட்டைகளைக் கிழித்துப் போட்டா. வேலை போனது மாமாவால் என்றுதான் அப்பாவும் கடைசிவரை சொன்னார். தலைவரால் என்று சொல்ல அந்த வாய் வரவில்லை.

போன வருடம்தான் நான் வடக்கே போனேன். மலையடிவாரத்தில் சின்ன ஊர், ஒரே குளிர். மணியை அடித்தேன். உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல் எங்கள் மன்னார்த் தமிழில் கத்தியது: "மாமா, ஆரோ வந்திருக்கினம்! அந்தக் கருவாட்டை மூடுங்கோ, நாறுது!" எங்கள் ஆட்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது மாமா. முடி முழுக்க நரைத்து, முழங்கால் வளைந்து, உடம்பு பாதியாகியிருந்தார். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் தாடி நரைத்த ஓர் இத்தாலியன் இருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. தாய் செத்து நிறைய வருடமாம். மாமா வாய்க்குள் முணுமுணுத்ததெல்லாம் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தமிழ் வந்துவிட்டதாம். அதில் பாதி ஏச்சு.

சாப்பாட்டு மேசையில் மாமா எனக்குப் போட்டுவிட்டு, கருவாட்டுக் குழம்பையும் சோற்றையும் பிசைந்து உருட்டி அவனுடைய வாய்க்குக் கொண்டுபோனார். அவன் முகத்தைச் சுளித்து, "சீ" என்றான். சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். மென்று விழுங்கினான். மறுபடி திறந்தான்.

"இன்னும்" என்றான்.

"சீ எண்டாய்?"

"ஓம். இன்னும்."